பல் போன பாட்டும் இயற்கை எழிலும்

இந்த வருஷம் முதல் தடவையாக விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போகிற தமிழாசிரியர்கள் உங்களில் சிலர் இருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். வாழ்த்துகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓய்வு பெறும்வரை பல வருஷம் போய் வந்தவள் நான். சித்திரை வெயில், முழங்கால் இடிக்கிற பெஞ்சு, சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியாத மின்விசிறி, இதையெல்லாம் நீங்களே போய்ப் பட்டுக்கொள்வீர்கள். எப்படிக் கூட்டுவது, எங்கே கையெழுத்துப் போடுவது என்பதை அங்கேயே சொல்லிக் கொடுப்பார்கள். அங்கே யாரும் சொல்லித் தராத ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன். அது ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது. 'பின்வரும் பாடலின் நலம் பாராட்டுக.'

இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். கேள்வி மேல் ஒரு குற்றமும் இல்லை. பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு பாட்டைக் கொடுத்து, இது என்ன சொல்கிறது, ஓசை எப்படி நடக்கிறது, மோனையும் எதுகையும் எங்கே விழுகின்றன, படித்தால் மனசுக்குள் என்ன உணர்ச்சி எழுகிறது என்று கேட்கிறார்கள். பத்து வருஷம் தமிழ் படித்த பிள்ளை, யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு பாட்டோடு தனியாக உட்காருகிற இடம் அது ஒன்றுதான். அந்த இடத்தையும் நாம் விட்டு வைத்தோமா? இல்லை. அதற்கும் ஒரு அச்சு வார்த்து வைத்திருக்கிறோம். திரண்ட கருத்து, மோனை நயம், எதுகை நயம், இயைபு நயம், அணி நயம், சுவை நயம் என்று வரிசையாகத் தலைப்பு. ஒவ்வொரு தலைப்புக்குக் கீழேயும் எந்தப் பாட்டுக்கும் பொருந்துகிற மாதிரி இரண்டு வரி. பிள்ளை பாட்டைப் படிக்கவே வேண்டாம். தலைப்பைப் போட்டு அடிக்கோடு கிழித்தால் மதிப்பெண் விழும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம், எங்கள் மாவட்டத்து முகாம் திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. நான் அப்போது கீழ்பென்னாத்தூரில் வேலை பார்த்தேன். தினமும் பஸ் பிடித்து வந்து போவேன். அந்த வருஷம் பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளில் வந்த பாட்டு இது. எழுதியவர் பெயர் போடவில்லை.

பல்லும் போச்சு பார்வை போச்சு
 பழைய மிடுக்கும் போச்சுது
சொல்லும் பாதி தொலைந்து போச்சு
 சொந்தம் தூரம் போச்சுது
எல்லாம் போன வீட்டுக் குள்ளே
 எவன்தான் திருட வருகிறான்
இல்லாப் பொருளைக் காவல் காத்தே
 இரவெல் லாம்நான் விழிக்கிறேன்

வயசான ஒரு மனுஷன் தன்னையே ஒரு வீடாக நினைத்துப் பார்த்துப் பேசுகிறான். அவ்வளவுதான் பாட்டு. மாச்சீர் மாச்சீராக அடுக்கிக்கொண்டு ஓடி வந்து, ஒவ்வொரு அடியின் கடைசியிலும் ஒரு விளச்சீரில் காலை ஊன்றி நிற்கிற விருத்தம். அளந்து பார்க்கத்தான் இலக்கணம் வேண்டும். கேட்டுப் பார்க்கக் காது போதும்.

இனி பிள்ளைகள் எழுதியிருந்ததைக் கேளுங்கள். 'கவிஞர் இப்பாடலில் இயற்கையின் எழிலைக் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறார்.' ஒரு தாள், இரண்டு தாள் இல்லை, கட்டுக் கட்டாக இதே வரி. இந்தப் பாட்டில் எங்கே ஐயா இயற்கை இருக்கிறது? போன பல்லிலா? 'இப்பாடலில் உவமை அணி பயின்று வந்துள்ளது.' உவமை என்று சொல்ல ஒரு 'போல' கூட அந்தப் பாட்டில் கிடையாது. பிள்ளைகளைத் திட்டி என்ன பயன்? திருத்துகிற நாங்களும் தலைப்பு இருக்கிறதா என்று பார்த்து 'டிக்' போட்டுக்கொண்டே போனோம். 'கீ' என்று நாங்கள் சொல்கிற விடைக்குறிப்பு அப்படித்தான் சொன்னது. சுவை நயம் என்கிற இடத்தில் அதில் 'அவலச்சுவை' என்று அடித்து வந்திருந்தது. பல் போனது, பார்வை போனது, சொந்தம் விலகிப் போனது. அப்படியானால் அவலம்தானே என்று யாரோ முதல் வரியோடு முடிவு கட்டியிருக்க வேண்டும்.

எங்கள் மேசைக்குத் தலைமைத் தேர்வாளர் ஆரணிப் பக்கத்துக்காரர். நாங்கள் திருத்திய தாள்களில் சிலவற்றை எடுத்து அவர் மறுபடி பார்ப்பார். எல்லோரும் அவரை 'சீஃப்' என்றுதான் கூப்பிடுவோம். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் மேலே இருந்து யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்கிற ஒரே கவலையில் பணிக்காலம் முழுவதையும் ஓட்டியவர். முதல் நாளே நான் அவரிடம் போய், இது அவலம் இல்லை சார் என்றேன்.

"டீச்சர், கீ வந்தாச்சு. நாம என்னா கவிஞருக்கா மார்க் போடறோம்? புள்ளைங்களுக்குத்தான போடறோம். போய் உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது?

முகாமின் கடைசி நாள் சித்ரா பௌர்ணமியோடு வந்து மோதிக்கொண்டது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் தாண்டினால் ஊருக்குள் ஒரு வண்டி நுழைய முடியாது. வெளியூர் பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். விடைத்தாள் கட்டுகளை ஏற்றிப்போக வந்த வேனை, ரோடு அடைப்பதற்குள் அனுப்பியாக வேண்டும் என்று முகாம் அலுவலர் காலையிலிருந்து அறை அறையாக வந்து விரட்டிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுமதி அடி அண்ணாமலைப் பெண். புதிதாக வேலைக்கு வந்தவள். வீடு கிரிவலப் பாதையிலேயே இருந்தது. பௌர்ணமிக்கு வாசலில் அவள் மாமியார் மோர்க்கடை போடுவார். கூட்டம் சேர்வதற்குள் போய்ச் சேராவிட்டால் தன் வீட்டுக்கே தன்னால் போக முடியாது என்று பறந்துகொண்டிருந்தாள்.

அந்த அவசரத்தில்தான் என் கைக்கு அந்தத் தாள் வந்தது. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, பையனா பெண்ணா என்றும் தெரியாது. மனப்பாடச் செய்யுள் பாதியில் நின்றிருந்தது. இலக்கணக் கேள்விகள் பெரும்பாலும் வெறும் எண்ணோடு காலியாக இருந்தன. கட்டுரையில் 'முன்னுரை' என்று எழுதி, கீழே முன்னுரையைக் காணோம். மனப்பாடம் ஏறாத பிள்ளை என்று தெரிந்தது. வகுப்புக்கு நாலு பேர் இப்படி இருப்பார்கள். தேறுவது சந்தேகம் என்று நினைத்துக்கொண்டே புரட்டினேன்.

நலம் பாராட்டுகிற கேள்விக்கு மட்டும் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தது. தலைப்பு எதுவும் இல்லை. அடிக்கோடு இல்லை. இப்படி ஆரம்பித்தது: 'இந்தப் பாட்டு சோகமான பாட்டு மாதிரி இருக்கிறது. ஆனால் சோகம் இல்லை. சொல்லிப் பார்த்தால் குதித்துக் குதித்துப் போகிறது. அழுகிறவர் இப்படிக் குதித்துப் பேச மாட்டார். இவர் தன்னையே கிண்டல் பண்ணிக்கொள்கிறார்.' அடுத்து, பல்லும், சொல்லும், எல்லாம், இல்லா என்று நான்கு சொல்லையும் எடுத்து எழுதி, 'இவை ஒரே மாதிரி வந்து விழுவதால் கையால் தாளம் போடலாம்' என்று எழுதியிருந்தது. எதுகை என்ற பெயர் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. கடைசியில் இரண்டு வரி. 'திருட ஒன்றும் இல்லை என்றால் ஏன் தூங்காமல் இருக்கிறார்? உயிர் ஒன்று பாக்கி இருக்கிறது, அதற்குத்தான் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.'

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்காமல் சொல்கிறேன். ஒரு வாரமாக இயற்கை எழிலைத் தின்று தின்று வாய் கசந்து போயிருந்தேன். அந்தக் கேள்விக்கு உரிய மதிப்பெண் முழுவதையும் போட்டேன். கூட்டிப் பார்த்தால் தேர்ச்சி எல்லையைத் தாண்டியிருந்தது, நூலிழையில்.

எல்லையை ஒட்டி நிற்கிற தாள்களை சீஃப் கட்டாயம் எடுத்துப் பார்ப்பார். எடுத்தார். அந்தப் பக்கத்துக்கு வந்ததும் பேனா நின்றது. என் மதிப்பெண்ணை அடித்துவிட்டு ஒன்று என்று போட்டார். தாள் எல்லைக்குக் கீழே போய்விட்டது.

"என்னாங்க டீச்சர் இது? தலைப்பு இல்ல, மோனை இல்ல, அணி இல்ல. சுவையும் தப்பு. இதுக்குப் போய் முழுசா போட்டிருக்கீங்க?"

"சார், இந்தப் புள்ள ஒண்ணுதான் பாட்டப் படிச்சிருக்குது."

"படிச்சதுக்கெல்லாம் மார்க் இல்லிங்க. எழுதினதுக்குத்தான். கையெழுத்துப் போட்டுக் குடுங்க, வேன் நிக்குது."

அந்தக் கையெழுத்து விழுந்தால் கதை முடிந்தது. அந்தக் காலத்தில் பத்தாம் வகுப்புக்கு மறுகூட்டல் உண்டு, மறுமதிப்பீடு கிடையாது. வேனில் ஏறிய கட்டை யாரும் பிரித்து, இந்தப் பிள்ளை என்ன எழுதியது என்று பார்க்கப் போவதில்லை. தமிழிலேயே தோற்றது என்று ஊர் சொல்லும். எங்கள் பக்கத்தில் அப்படித் தோற்றது பெண்ணாக இருந்தால் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பார்கள். பையனாக இருந்தால் பெங்களூரில் கட்டட வேலைக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். திரும்ப எழுதிக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்லும். திரும்ப எழுத வந்தவர்களை நானும்தான் பார்த்திருக்கிறேன், விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"நான் போட மாட்டேன் சார்" என்றேன்.

மேசையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு தாள் நின்றால் ஒரு கட்டு நிற்கும். கட்டு நின்றால் மேசையே நிற்கும், யாரும் வீட்டுக்குப் போக முடியாது. சுமதி என் முழங்கையைப் பிடித்தாள்.

"அக்கா, விட்டுடுங்கக்கா. ஒரு புள்ளைக்காக எல்லாரும் மாட்டிக்கிறோம்."

"ஒரு புள்ளைக்குத்தான்டி ஒரு பேப்பரு. ஊருக்கே சேத்தா எழுதுச்சு?"

கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடுத்த சில நிமிஷம் நான் கத்தியதில் ஒரு காசுக்குப் பிரயோஜனம் இல்லை. கற்பித்தல் நோக்கம் என்றேன், மனசாட்சி என்றேன், நீங்கள் தமிழ் எம்.ஏ.தானே என்றேன். அந்தக் கடைசி வார்த்தை அவரை இன்னும் இறுக்கிவிட்டது. முகம் சிவந்து, "நான் உங்களவிட சர்வீஸ் ஜாஸ்தி டீச்சர், எனக்குப் பாடம் எடுக்காதீங்க" என்றார். முகாம் அலுவலர் வாசலில் தலையை நீட்டி, "இன்னும் அஞ்சு நிமிஷம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நியாயம் என் பக்கம் இருந்தது. இருந்து என்ன? சத்தம் போடுகிறவளின் நியாயத்தைக் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

தண்ணீர் குடித்தேன். குரலை இறக்கிக்கொண்டேன்.

"சரிங்க சார். கையெழுத்துப் போடறேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ அந்தப் பாட்ட வாய்விட்டுப் படிங்க. படிச்சிட்டு ஒண்ணுதான்னு சொன்னீங்கன்னா, அப்புறம் பேசமாட்டேன்."

"பாட்டு எனக்குத் தெரியும் டீச்சர்."

"ரெண்டாவது வரி சொல்லுங்க சார்."

அவர் கண் வினாத்தாளைத் தேடியது. ஒரு வாரம் அந்தப் பாட்டுக்கு மதிப்பெண் போட்டும், போட்டதைச் சரிபார்த்தும் உட்கார்ந்திருந்த மனுஷர். சுற்றி இருந்தவர்களைப் பார்த்தேன். ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தமிழ் படித்துப் பட்டம் வாங்கிய ஒரு மேசை முழுக்க உட்கார்ந்திருந்தோம், ஒருவருக்கும் இரண்டாவது வரி தெரியவில்லை. எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்த வினாத்தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன். போடவில்லை. அவர் முன்னால் தள்ளி வைத்தேன்.

வேண்டாவெறுப்பாக எடுத்து, ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற குரலில் ஆரம்பித்தார். "பல்லும் போச்சு பார்வை போச்சு." பாட்டு அவரை அந்தக் குரலில் இருக்க விடவில்லை. 'பழைய மிடுக்கும் போச்சுது' என்ற இடத்திலேயே இழுத்துக்கொண்டது. அடுத்த அடியில் அவர் விரல் மேசையைத் தட்ட ஆரம்பித்தது. தட்டுவது அவருக்கே தெரிந்திருக்காது. "எல்லாம் போன வீட்டுக்குள்ளே எவன்தான் திருட வருகிறான்" என்று படித்துவிட்டுச் சிரித்துவிட்டார். சுமதியும் களுக்கென்று சிரித்தாள். எதிரே இருந்த இன்னொருவரும் சிரித்தார்.

"எதுக்கு சார் சிரிச்சீங்க? அவலச்சுவைதான இது?" என்று கேட்டேன்.

அவர் வினாத்தாளுக்கே திரும்பினார். கடைசி அடியைப் படித்தார். அங்கே குரல் தானாக இறங்கிவிட்டது. "இரவெல்லாம் நான் விழிக்கிறேன்" என்பதை இன்னொரு தடவை, தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எனக்கும் இப்பெல்லாம் தூக்கம் கம்மிதான் டீச்சர்" என்றார். வேறு யாரிடமோ சொல்வது மாதிரி இருந்தது. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதி இறங்கவில்லை.

அதன் பிறகு அவர் அந்தப் பிள்ளையின் பக்கத்தை முதல் வரியிலிருந்து படித்தார். முன்பு மேலோட்டமாகத் தலைப்பைத்தான் தேடியிருந்தார். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சரிதான். ஆனா மத்த பேப்பருக்கெல்லாம் அவலம்னு எழுதினதுக்கு மார்க் போட்டு அனுப்பிட்டமே. இதுக்கும் போட்டா அது தப்புன்னு ஆயிடாதா? யாராவது கேட்டா?"

"அதுங்களுக்குப் போட்டத யாரு சார் புடுங்கச் சொன்னா? நாம சொல்லிக் குடுத்தத அதுங்க எழுதுச்சுங்க. அந்தத் தப்பு நம்மளுது. இந்தப் புள்ள நாம சொல்லிக் குடுக்காதத எழுதியிருக்குது. அதுக்காக அடிக்கலாமா?"

வாசலில் மறுபடி முகாம் அலுவலர் வந்து நின்றார். சீஃப் அவரைப் பார்த்துக் கையைக் காட்டி, "ஒரு நிமிஷம் நில்லுங்க" என்றார். அந்த மனுஷர் மேலே இருக்கிற ஒருவரை நிற்கச் சொல்லி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். தான் போட்ட ஒன்றை அடித்தார். என் எண்ணையே திரும்ப எழுதிப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு கூட்டல் சரியா என்று அவரே பார்த்தார். எல்லையைத் தாண்டியது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

சுமதி பையை மாட்டிக்கொண்டு ஓடினாள். மற்றவர்களும் என்னை முறைத்துக்கொண்டே கிளம்பினார்கள். முறைக்கட்டும். சீஃப் மட்டும் அந்தத் தாளைக் கட்டில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"டீச்சர், பரீட்சை ஹால்ல வாயத் தொறந்தாலே எழுப்பி விட்டுடுவாங்களே. இந்தப் புள்ள எப்படி இதச் சொல்லிப் பாத்துச்சு?"

"வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்திருக்கும் சார்" என்றேன்.

எனக்கு இன்றுவரை ஆறாதது இதுதான். மூச்சு விட்டாலே கண்காணிப்பாளர் திரும்பிப் பார்க்கிற அறையில், தெரியாத கேள்விகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளை ஒரு பாட்டை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்கிறது. எங்கள் வாயை யாரும் கட்டவில்லை. சம்பளமும் கொடுத்து, பயணப்படியும் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். நாங்கள் தலைப்பை எண்ணினோம். நாளைக்கு நீங்கள் போய் உட்காருவீர்கள். முதல் கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் வினாத்தாளை எடுங்கள். பக்கத்தில் இருப்பவர் பைத்தியம் என்று நினைத்தாலும் நினைத்துவிட்டுப் போகட்டும், தயவுசெய்து அந்தப் பாட்டை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துத் தொலையுங்கள்.